பறவை சத்தம் கத்துக்க எது சரிப்படும்: ஆப்பா, ரெக்கார்டிங்கா, கூட ஒரு ஆளா, இல்ல தனியா உக்காந்து கேக்கறதா?

பறவை பாக்க ஆரம்பிச்சு ஒரு ஆறேழு மாசம் ஆனா எல்லாரும் வந்து முட்டி நிக்கற இடம் ஒண்ணு இருக்கு. கண்ணுல பட்டுட்டா நாப்பது அம்பது பறவைக்கு டக்குனு பேர் சொல்லிடுவோம், ஆனா மரத்துக்குள்ள இருந்து வர்ற சத்தத்துல முக்காவாசி என்னன்னே தெரியாது, எங்கயோ இலை மறைவுல ஒண்ணு கத்திக்கிட்டே இருக்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்துட்டு வெறுங்கையோட திரும்புவோம். கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரிதான். அப்பதான் சரி, சத்தத்தையும் கத்துக்கலாம்னு தோணும், தோணின அடுத்த நிமிஷமே எப்படின்னு குழப்பம் வரும். ஆப் போதும்னு ஒருத்தர் சொல்வார், ஆப் வச்சா காது செத்துடும்னு இன்னொருத்தர் சொல்வார்.

நான் நாலு வழியையும் மாத்தி மாத்தி முயற்சி பண்ணி, நாலுலயும் அசிங்கப்பட்டிருக்கேன். அதனால இத எழுதறேன். உதாரணமெல்லாம் நம்ம பக்கத்து பறவைங்கதான்.

## எத வச்சு ஒப்பிடப் போறோம்

எந்த வழியா இருந்தாலும் இந்த அஞ்சு கேள்விய கேட்டுப் பாருங்க.

- ஒரு மாசம் கழிச்சு அதே சத்தம் கேட்டா போனை எடுக்காம பேர் சொல்ல முடியுமா? (எனக்கு இதுதான் முக்கியம், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாலதான்)
- தப்பா கத்துக்கற ஆபத்து எவ்வளவு? ஒரு தடவை தப்பு பேரோட மண்டையில ஏறின சத்தத்தை இறக்கறது புதுசா கத்துக்கறத விட பெரும்பாடு.
- எவ்வளவு நேரம் புடிக்கும், உங்க நாள்ல அந்த நேரம் இருக்கா?
- சொந்தமா பாடற பாட்டு, சும்மா தொடர்பு வச்சுக்க குடுக்கற குரல், பயந்து கத்தற எச்சரிக்கை, குஞ்சு இரை கேட்டுக் கத்தற சத்தம், இதெல்லாம் சேத்து கிடைக்குதா, இல்ல பாட்டு மட்டுமா?
- பறவைக்கு தொந்தரவு இருக்கா?

நாலாவது கேள்விய லேசா எடுத்துக்காதீங்க. குயில்னாலே நமக்கு "குக்கூ"தான் ஞாபகம் வரும், அது ஆண் குயில், கருகருன்னு இருக்குமே அது. பெண் குயில் பழுப்புல புள்ளி போட்டது, அது கத்தறது "கிக்-கிக்-கிக்-கிக்"னு வேகமா கூர்மையா இருக்கும், ரெண்டும் ஒரே பறவைன்னு காது மட்டும் வச்சு சத்தியமா கண்டுபிடிக்க முடியாது. நான் மூணு வாரம் அத ஏதோ புது பறவைன்னு நெனச்சு நோட்ல "கிக்கிக்கி, தெரியல"ன்னு எழுதி வச்சிருந்தேன்.

## வழி 1: ஆப்

இப்ப பெரும்பாலும் ரெண்டுதான் பேசறாங்க. ஒண்ணு மெர்லின், கார்னெல் பறவையியல் ஆய்வகத்தோடது, சத்தத்தை வச்சு பேர் சொல்ற வசதி அதுல 2021ல வந்துச்சு. இன்னொண்ணு பேர்ட்நெட், அதுலயும் கார்னெல் ஆளுங்க இருக்காங்க, ஜெர்மனியில கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட சேந்து பண்ணது. ரெண்டும் அடிப்படையில ஒரே வேலைதான் பண்ணுது: சத்தத்தை ஒரு படமா மாத்துது, குறுக்க நேரம், நெடுக்க சுருதி, எங்க கருப்பா இருக்கோ அங்க சத்தம் பலமா இருக்குன்னு அர்த்தம், அந்தப் படத்தோட வடிவத்தை வச்சு இது இன்ன பறவைன்னு யூகிக்குது. கூடவே நீங்க எங்க இருக்கீங்க, என்ன தேதிங்கறதையும் வச்சு வடிகட்டுது. அதனால லொக்கேஷனை ஆஃப் பண்ணி வச்சா, இல்ல சரியான பறவை பேக்கை (உங்க பகுதிக்கான பறவைத் தொகுப்பு) இறக்காம விட்டா, கண்டம் தாண்டின பறவையெல்லாம் உங்க வேப்ப மரத்துல உக்காந்திருக்கறதா காட்டும்.

மெர்லின் ஓட விட்டா கத்தற பறவை பேர் ஒவ்வொண்ணா லிஸ்ட்ல வரும், அதே பறவை திரும்ப கத்தினா அந்த பேர் மஞ்சளா மின்னும். உண்மையிலயே இந்த மின்னறதுதான் கத்துக்க உதவற விஷயம். அஞ்சு பறவை ஒரே நேரத்துல கத்தும்போது எந்த சத்தம் எதோடதுன்னு பிரிச்சுக் காட்டுது, எந்த ஆசானும் அவ்வளவு வேகமா விரல் நீட்ட முடியாது. பேக்கை இறக்கி வச்சுட்டா நெட் இல்லாமலும் ஓடும். சுருதி கூடின சத்தம் வயசாக வயசாக காதுல விழறது கொறையும், தேன்சிட்டோட மெல்லிசான "சிட் சிட்" எல்லாம் முதல்ல போயிடும், அப்படிப்பட்டவங்களுக்கு ஆப் ஒரு இரவல் காது, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

இப்ப மறைஞ்சிருக்கற செலவு. ஒரு நாள் காலைல ஆப் ஓடிக்கிட்டு இருக்கு, வைரின்னு வருது, அதான் புறா சைஸ்ல இருக்கற அந்த வேட்டைக்காரன். பக்கத்துல மேஞ்சுக்கிட்டு இருந்த மைனா கூட்டமும் சடார்னு எழும்பிப் பறந்துடுச்சு. நானும் வானத்தையே பாக்கறேன், ஒண்ணுத்தையும் காணோம். அப்பறம் கீழ பாத்தா கரண்ட் கம்பியில கரிச்சான் ஒண்ணு வாயத் தொறந்து அந்த வைரி சத்தத்தை அச்சு அசலா விட்டுக்கிட்டு இருக்கு, விட்டுட்டு நேரா இறங்கி மைனா விட்டுட்டுப் போன பூச்சிய கவ்விக்கிட்டு போயிடுச்சு. ஆப் கேட்டது வைரி குரல்தான், அது சொன்னதுல தப்பில்ல, ஆனா அங்க வைரி இல்ல. மைனாவே ஏமாந்த எடத்துல ஆப்பை எப்படி குறை சொல்றது. காட்டுப் பக்கம் போனா துடுப்புவால் கரிச்சான் இந்த விஷயத்துல இன்னும் பெரிய கில்லாடி, ஒரே பறவை பத்து நிமிஷத்துல பல பறவை பேரை ஸ்க்ரீன்ல வரவச்சிடும்.

அடுத்தது இன்னும் பெரிய செலவு: பேர் வந்த உடனே மண்டை வேலை செய்யறத நிறுத்திடும். நாலு மாசம் தினமும் ஆப் ஓட்டினேன், லிஸ்ட் நீளமா சேந்துச்சு, ஒரு நாள் போன் சார்ஜ் இல்லாம போனப்பதான் தெரிஞ்சுது எனக்கு பன்னெண்டு பறவைக்கு மேல தெரியலன்னு. இது போக நம்ம ஊர் பறவை எல்லாத்தோட சத்தமும் மெர்லினுக்கு இன்னும் தெரியாது, தெரியாத பறவை கத்தினா ஒண்ணு பேசாம இருக்கும் இல்லன்னா அதுக்கு கிட்டத்துல இருக்கற வேற பேரை சொல்லிடும்.

எப்ப இது சரி: ஊர் மாறிப் போயிருக்கீங்க, அங்க என்னென்ன கத்துதுன்னு ஒரு மேலோட்டம் வேணும். இல்ல காது கொஞ்சம் மந்தம். இல்ல கூட வர ஆளே கிடையாது.

## வழி 2: ரெக்கார்டிங் கேட்டு பழகறது

ஜெனோ-கான்டோன்னு ஒரு சைட், 2005ல ஆரம்பிச்சது, உலகம் பூரா ஆளுங்க பதிவு பண்ணின பறவை சத்தத்தை ஏத்தி வச்சிருக்காங்க, இலவசம். கார்னெல்லோட மெக்காலே லைப்ரரியும் அதே மாதிரி ஒரு கடல். ஜெனோ-கான்டோல ஒவ்வொரு பதிவுக்கும் ஏ-ல இருந்து ஈ வரைக்கும் தர மதிப்பு இருக்கும், பாட்டா, குரலா, எச்சரிக்கையான்னும் போட்டிருக்கும், எந்த நாட்டுல எந்த மாசம் பதிவு பண்ணதுன்னும் இருக்கும்.

இதுல வர்ற லாபம் ஒப்பிட்டுக் கேக்கறது. வெளியில போனா மரங்கொத்தி கத்தி முடிச்ச உடனே மீன்கொத்திய கூப்பிட்டு "நீயும் ஒரு தடவை கத்து"ன்னு சொல்ல முடியாது. பொன்முதுகு மரங்கொத்தியோட கடகடன்னு வர்ற குரலும் வெண்மார்பு மீன்கொத்தி சிரிக்கற குரலும் ஆரம்பத்துல எல்லாருக்கும் மாறிப் போகும், ரெண்டையும் அடுத்தடுத்து இருபது தடவை ஓட விட்டுக் கேட்டாதான் மண்டையில பிரியும். அதே மாதிரி செம்மார்புக் குக்குறுவானோட "டுங்... டுங்... டுங்" ஒரு பக்கம், வெண்கன்னக் குக்குறுவானோட "குட்ரூ குட்ரூ குட்ரூ" ஒரு பக்கம்.

ஆனா இதோட ரகசியக் கணக்கு வேற. பதிவுங்க பெரும்பாலும் கிட்டக்க இருந்து, நல்ல மைக்ல, பறவை முழு மூச்சுல பாடும்போது எடுத்தது. வெளியில அதே பறவை அம்பது மீட்டர் தள்ளி, காத்துல, லாரி சத்தத்துக்கு நடுவுல, அரை வார்த்தை மட்டும் சொல்லும். சுத்தமான பதிவையே கேட்டு பழகினவங்க வெளியில முழிப்பாங்க, அதனால நான் சொல்றது ஏ தரம் ரெண்டு கேட்டா சி தரம் ரெண்டு கட்டாயம் கேளுங்க. இன்னொரு சிக்கல், ஒரே பதிவை திரும்பத் திரும்ப கேட்டா பறவைய விட்டுட்டு அந்த பதிவை மனப்பாடம் பண்ணிடுவோம், பின்னாடி குரைக்கற நாய் உட்பட. ஒரு பறவைக்கு அஞ்சு வேற வேற பதிவாவது வேணும்.

அப்பறம், பதிவு கையில இருந்தா அத வெளியில போட்டுப் பாக்க கை அரிக்கும். போடாதீங்க. கூடு கட்டற காலத்துல அந்த சத்தம் கேட்ட ஆண் பறவைக்கு தன் எல்லைக்குள்ள எதிரி வந்துட்டான்னு அர்த்தம், இரை தேடறத விட்டுட்டு, கூட்டை விட்டுட்டு, இல்லாத எதிரிய தேடிக்கிட்டு அலையும். நமக்கு ஒரு போட்டோ, அதுக்கு ஒரு காலைப்பொழுது போச்சு. ஹெட்போன்ல கேளுங்க, வீட்டோட வச்சுக்கோங்க.

எப்ப இது சரி: பஸ்லயும் ரயில்லயும் நேரம் போறவங்களுக்கு. அடுத்த மாசம் ஒரு மலைக்காட்டுக்குப் போறீங்க, போறதுக்கு முன்னாடி பதினஞ்சு பறவைய காதுக்கு பழக்கி வச்சுக்கணும்னா இத விட நல்ல வழி இல்ல. குழப்பற ஜோடிங்கள பிரிக்கவும் இதுதான்.

## வழி 3: தெரிஞ்ச ஒருத்தர் கூட நடக்கறது

வேகம்னு பாத்தா இதுதான் முதல். ஒரு காலைல பத்து சத்தம் காதுக்குள்ள போட்டு விட்டுடுவாங்க. அத விட முக்கியமா எதைக் கவனிக்கணும்னு சொல்லிக் குடுப்பாங்க, அத எந்த ஆப்பும் சொல்லாது. எனக்கு ஒரு பெரியவர் சொன்னது: "தம்பி, சத்தத்தை கேக்காத, நடைய கேளு." அப்படின்னா அக்காக்குயில் குரல் படிப்படியா ஏறும், ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேல, உச்சிக்குப் போய் பொட்டுனு நிக்கும், திரும்ப கீழ இருந்து ஆரம்பிக்கும். செம்போத்து அடித்தொண்டையில "ஊப் ஊப் ஊப்"னு ஒரே சீரா போகும், நெறைய பேர் அத ஆந்தைன்னும் குரங்குன்னும் நெனச்சுக்கறாங்க. தையல்சிட்டு "டுவிட் டுவிட் டுவிட்"னு ஒரே சொல்லை விடாம அடிக்கும், அந்த கத்தலுக்கு காக்கா சைஸ்ல எதையோ தேடுவோம், பாத்தா பத்து கிராம் கூட தேறாத உடம்பு.

பறவைக்கு பறவை சத்தத்தை பிரிச்சுக் கேக்கறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல. குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கூகை குழறும்னு ஸ்கூல்ல மரபுன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோமே, ஆந்தைக்கும் கூகைக்கும் தனித்தனி வினைச்சொல் வேணும்னு யாரோ ஒருத்தர் ராத்திரி உக்காந்து கேட்டுத்தானே முடிவு பண்ணியிருப்பாங்க. பேரே சத்தமா இருக்கறதும் உண்டு, குக்குறுவான்னு மெதுவா சொல்லிப் பாருங்க. ஆள்காட்டி "டிட்-டி-டூ-யிட்"னு கத்துறதா புத்தகத்துல இருக்கும், எனக்கு அது "கிட்ட-வராத, கிட்ட-வராத"ன்னுதான் கேக்கும், ஆள் வர்றத காட்டிக் குடுக்கற பறவைக்கு அது பொருத்தமாவும் இருக்கு.

இதுல என்ன நஷ்டம்னா, நீங்க யோசிக்கறதுக்குள்ள அவங்க பேரை சொல்லிடுவாங்க. ஆப்புக்கு இருக்கற அதே வியாதிதான், இதுக்கு கை கால் முளைச்சிருக்கு, அவ்வளவுதான். பெரிய கூட்டமா போனா இன்னும் மோசம், முன்னாடி போறவங்க பேரை சொல்லி, அது பின்னாடி வர்றதுக்குள்ள பறவையும் போயிருக்கும். அப்பறம் அவங்க தப்பு உங்க தப்பா வந்து ஒட்டிக்கும். நான் ரெண்டு வருஷம் சாம்பல் கதிர்க்குருவி சத்தம் ஒண்ணை தையல்சிட்டுன்னே சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், சொல்லிக் குடுத்தவர் அப்படி சொன்னார்னு. கடைசியில அந்தக் குருவி புதர்ல இருந்து கிளம்பும்போது எலக்ட்ரிக் ஸ்பார்க் மாதிரி "டிக் டிக்"னு ஒரு சத்தம் வந்துச்சு, அது சாம்பல் கதிர்க்குருவியோட முத்திரை, அப்பதான் விஷயம் புரிஞ்சுது.

எப்ப இது சரி: மூணு நாலு பேர் மட்டும் போற சின்னக் குழு, "பேரை நீங்க சொல்லாதீங்க, நான் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க"ன்னு கேக்கற அளவுக்கு பழக்கம் இருக்கற ஆள். அப்படி ஒருத்தர் கிடைச்சா மத்த மூணு வழியையும் தூரப் போடலாம்.

## வழி 4: ஒரே இடத்துல உக்காந்து, சத்தத்தை துரத்திப் புடிக்கறது

மெதுவான வழி. எரிச்சல் வரும். ஒரு காலை முழுக்க உக்காந்து ஒரே ஒரு பறவைய உறுதி பண்ணிட்டு வர்ற நாள் உண்டு, ஒண்ணுமே இல்லாம வர்ற நாளும் உண்டு.

ஆனா இப்படி புடிச்ச சத்தம் எனக்கு ஒண்ணு கூட மறக்கல. செம்மார்புக் குக்குறுவானை நான் கண்டுபிடிச்ச கதைய சொல்றேன். "டுங் டுங்"னு செம்பு தட்டற மாதிரி சத்தம் வருது, இடது பக்கம்னு பாத்தா வலது பக்கம் வருது, வலதுல பாத்தா மேல இருந்து வருது. நாலு நாள் அந்த ஆலமரத்தை சுத்தினேன். அஞ்சாவது நாள் உச்சியில ஒரு காஞ்ச குச்சி நுனியில, பச்சையா உருண்டையா, சிட்டுக்குருவிய விட கொஞ்சம் பெருசா ஒண்ணு. வாயத் தொறக்கவே இல்ல. தொண்டை மட்டும் ஒவ்வொரு "டுங்"குக்கும் பொம்முனு உப்பி அடங்குது, தலைய இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டே இருக்கு. தலை திரும்பத் திரும்ப சத்தம் வர்ற திசையும் மாறுது, நாலு நாளா என்னை சுத்த விட்டது அந்தத் தலையாட்டல்தான். இத நூறு ரெக்கார்டிங் கேட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்காது.

நோட்டு ஒண்ணு வச்சுக்கோங்க. சத்தத்தை உங்க வாய்க்கு எப்படி வருதோ அப்படி எழுதுங்க, பக்கத்துல கோடு போடுங்க, ஏறினா ஏறு கோடு, இறங்கினா இறங்கு கோடு, நின்னா புள்ளி. அழகா இருக்க வேண்டாம், அடுத்த தடவை அத பாத்தா உங்களுக்கு சத்தம் ஞாபகம் வந்தா போதும்.

இங்க மாட்டிக்கற செலவு காலம். குயில் வெயில் ஏற ஆரம்பிக்கும்போது கூவ ஆரம்பிச்சு கோடை முழுக்க கூவும், மழைக்காலத்துக்கு அப்பறம் வாயே தொறக்காது, மரத்துல இருக்கும், ஆனா நீங்க இல்லன்னு நெனச்சுப்பீங்க. ஆறுமணிக்குருவி தலைகீழ், குளிர்காலத்துக்கு மட்டும் வடக்க இருந்து வரும், காலைலயும் சாயங்காலமும் ஆறு மணிய ஒட்டி ரெண்டு அசை விசில் ஒண்ணு அடிக்கும், அந்த நேரத்தை விட்டா அன்னிக்கு அவ்வளவுதான். அதனால ஒரு சத்தத்தை தவறவிட்டா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். குளிர்காலத்துல வர்ற கதிர்க்குருவிங்க பாட்டெல்லாம் பெரும்பாலும் ஊர்லயே விட்டுட்டு வரும், இங்க "செக்" "செக்"னு ஒத்தை வார்த்தைதான், அத தனியா உக்காந்து பிரிக்கறதுக்கு தலைகீழா நின்னாலும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்.

எப்ப இது சரி: தினமும் ஒரே பாதையில நடக்கறவங்க, வீட்டு மாடியில இருபது நிமிஷம் உக்கார முடிஞ்சவங்க, அவசரம் இல்லாதவங்க.

## ஒரே பார்வையில

| | ஆப் | ரெக்கார்டிங் | கூட ஒரு ஆள் | தனியா |
|---|---|---|---|---|
| மண்டையில நிக்குமா | கொறைவு | சுமார் | நல்லா, யோசிக்க விட்டா | ரொம்ப நல்லா |
| தப்பா கத்துக்கற ஆபத்து | மிமிக்ரி பறவை, விட்டுப்போன பறவை | கொறைவு | ஆளைப் பொறுத்தது | கண்ணால பாத்தா இல்ல |
| முதல் பத்து பறவைக்கு | சில நாள் | சில வாரம் | ஒண்ணு ரெண்டு நடை | சில மாசம் |
| பாட்டு தவிர மத்த குரல் | ஓரளவு | தேடினா எல்லாம் | அவங்க கவனிச்சா | கூடவே வரும் |
| பறவைக்கு தொந்தரவு | இல்ல | வெளியில போட்டா நெறைய | கூட்டத்தைப் பொறுத்தது | இல்ல |

## அப்ப நான் எத சொல்றேன்

ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும்னா நாலாவது. ஆனா ஒண்ணே ஒண்ணு எடுக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்தல. வேலைக்குப் போற, வாரத்துல ரெண்டு காலை மட்டும் கிடைக்கற ஒருத்தருக்கு நான் சொல்றது இதுதான்: உக்காந்து கேளுங்க, ஆப் ஓடட்டும், ஆனா போனை கவுத்து வைங்க. சத்தம் கேட்டா முதல்ல நோட்ல உங்க யூகத்தை எழுதுங்க, தப்பா இருந்தாலும் பரவால்ல, "தெரியல, ஆனா மீன்கொத்தி மாதிரி"ன்னாவது எழுதுங்க. இருபது நிமிஷம் கழிச்சு போனை திருப்பிப் பாருங்க. எங்க மாறுதோ அந்த ரெண்டு பறவைய மட்டும் சாயங்காலம் ஜெனோ-கான்டோல பக்கத்து பக்கத்துல வச்சுக் கேளுங்க. ஆப் சொன்ன பேரை உங்க கண்ணு பாக்கற வரைக்கும் கேள்விக்குறியோட வச்சுக்கோங்க, கரிச்சான் கதை ஞாபகம் இருக்கட்டும்.

எந்த பறவைல இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா இ-பேர்ட்ல (பறவை பாக்கறவங்க பாத்தத பதிவு பண்ற சைட்) உங்க மாவட்டத்துக்கு பார் சார்ட் எடுத்துப் பாருங்க, எந்த பறவை எந்த வாரத்துல எவ்வளவு அடிக்கடி பதிவாகுதுன்னு பட்டை பட்டையா காட்டும், இந்த மாசம் தடிமனா பட்டை இருக்கற முதல் பத்த எடுத்துக்கோங்க. காக்கா, மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி நாலையும் முதல்லயே முழுசா முடிச்சுடுங்க, கேவலமா நெனைக்காதீங்க, மைனா ஒண்ணே அத்தனை விதமா கத்தும், அது நாலும் பழகிட்டா காலைல கேக்கற சத்தத்துல பெரும்பங்கு கழிஞ்சுடும், மிச்சம் இருக்கறது தானா தனியா வந்து காதுல விழும்.

எனக்கு இப்ப போன் இல்லாம எழுவது எழுவத்தஞ்சு வரும். மரங்கொத்தியும் மீன்கொத்தியும் மட்டும் இன்னமும் பத்துக்கு மூணு தடவை மாறிடுது.